தவின் அண்ணன் தினமும் தட்டும் தேதி

எங்கள் பள்ளியில் கணினிப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார். வாய்ப்பேச்சில் அல்ல, ஆணைப்படி. ஆணைக்கு எண் உண்டு, முத்திரை உண்டு, தலைமையாசிரியர் பிரசோப்பின் சுழித்த கையெழுத்து உண்டு. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தவின், பள்ளிப் பணியாளர்’ என்று இருக்கும். பணியாளர் என்றால் வளாகம் கூட்டுவது, புல் வெட்டுவது, தண்ணீர் மோட்டார் பார்ப்பது, வகுப்புக்குள் பாம்பு வந்தால் அதன் மனம் நோகாமல் வெளியே அனுப்பிவைப்பது. இவற்றோடு ஐந்தாவதாகக் கணினியும் சேர்ந்துகொண்டது.

சேர்ந்த கதை சிறியது. ஆறு வருடங்களுக்கு முன் மலைக்குக் கீழேயிருந்து மேலதிகாரிகள் பார்வையிட வந்திருந்தார்கள். புரொஜெக்டர் எரியவில்லை. பட்டம் வாங்கிய நாங்கள் ஐந்து பேர் அதைச் சுற்றி நின்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். தண்ணீர்க் குடுவையோடு உள்ளே வந்த தவின் அண்ணன் குடுவையை மேசையில் வைத்தார், தரையில் கிடந்த பிளக்கை எடுத்துச் சுவரில் செருகினார், வெளியே போனார். மறுவாரம் ஆணை வந்துவிட்டது. திறமையை எங்கே கண்டாலும் எங்கள் தலைமையாசிரியர் சும்மா விடமாட்டார். அதன் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

பள்ளிக்கு வருவதற்கு முன் தவின் அண்ணன் பள்ளத்தாக்கில் இருபது வருடம் தண்ணீர்ப் பம்பும் மோட்டார் சைக்கிளும் பழுது பார்த்தவர். யாரும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. பிரித்தார், பார்த்தார், மாட்டினார். மாட்டிய பிறகு ஒரு திருகாணி மிஞ்சினால் மறுபடி பிரித்தார். அந்தக் காலத்திலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். மாற்றியதும் ஓடுகிறதா என்று பார்ப்பார். ஓடவில்லையென்றால் மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டு, நோட்டில் ஒரு வரி எழுதிய பிறகே அடுத்ததைத் தொடுவார். நான்காம் வகுப்பில் மீந்துபோன கோடு போட்ட நோட்டு அது. முன்பக்கத்திலிருந்து மோட்டார், பின்பக்கத்திலிருந்து கணினி. இரண்டும் நடுவில் சந்திக்கும் நாளில் ஓய்வுபெறுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பள்ளியின் ஒரே உருப்படியான கணினி தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது. இன்னும் ஆறு கணினிகள் ஓர் அறையில் அடுக்கியிருக்கின்றன. அவை செத்துப்போய் நான்கு வருடமாகிறது. செத்ததை உறுதிசெய்ய வேண்டிய குழு இன்னும் கூடவில்லை என்பதால் ஏட்டில் அவை உயிரோடு உள்ளன.

உருப்படியான கணினிக்கும் ஒரு குறை. போன ஆகஸ்டில் அதன் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனது. அன்றிலிருந்து இரவில் மின்சாரத்தை நிறுத்தினால் காலையில் அதற்கு இன்று என்ன நாள் என்பது மறந்துபோகும். கறுப்புத் திரையில் நின்றுகொண்டு தேதி கேட்கும். பேட்டரி கடைத்தெருவில் கிடைக்கிற சாமான்தான். ஆனால் அதற்கு மூன்று கடைகளின் விலைப்பட்டியல் வேண்டும். எங்கள் கடைத்தெருவில் இருப்பது ஒரு கடை. சொந்தக் காசில் வாங்கிப்போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். தவின் அண்ணன் ஒருமுறை கழிவறைக்குச் சொந்தமாக ஒரு பல்பு வாங்கி மாட்டினார். தணிக்கைக்கு வந்தவர்கள் பட்டியலில் இல்லாத அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் திகைத்துவிட்டார்கள். பல்பு எங்கிருந்து வந்தது என்று அவர் இரண்டு பக்க விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர் சொந்தக் காசில் பள்ளிக்கு ஒரு ஆணிகூட வாங்கியதில்லை.

ஆகவே தினமும் காலை கொடி ஏற்றுவதற்கு முன் தவின் அண்ணன் கணினியின் முன் குனிந்து தேதியைத் தட்டுவார். நாள், மாதம், வருடம். எங்கள் நாட்டில் புத்த ஆண்டுக் கணக்கு; அதன்படி எங்களுக்கு இது 2568. உலகத்தின் மீதி இடங்கள் இன்னும் 2025-இல் தங்கிவிட்டன, அது அவர்கள் பாடு. அந்தக் கறுப்புத் திரையில் வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான் இடம். நாங்கள் எல்லோரும் எழுதுவதுபோல அவரும் போன வருடம் 67 என்றும், ஜனவரி பிறந்ததும் 68 என்றும் தட்டினார். கணினி மறுப்பு சொல்லவில்லை. திரையின் மூலையில் நாள் முழுவதும் தட்டிய வருடத்தையே காட்டியது. பார்த்தவர்களுக்கெல்லாம் திருப்தி.

ஒரே ஒரு தொல்லை. பேட்டரி தீர்ந்த நாளிலிருந்து எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும், இது பாதுகாப்பானதல்ல, போகாதீர்கள் என்று பிரவுசர் தடுத்தது. அடியில் சின்ன எழுத்தில் ‘பரவாயில்லை, போகிறேன்’ என்றும் ஒரு வழி இருந்தது. நாங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டோம். ஐந்து மாதமாகப் பள்ளியில் அத்தனை பேரும் பரவாயில்லை என்று தட்டித் தட்டிப் போய்வந்துகொண்டிருந்தோம். பழகிய வீட்டு நாய் குரைப்பதுபோல அது குரைக்கும், நாங்கள் தாண்டிப் போவோம். தவின் அண்ணன் மட்டும் நோட்டில், ‘காரணம் தெரியவில்லை. பார்க்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார். பார்க்க விட்டால்தானே. கணினியின் முன் இருக்கும் நாற்காலி தலைமையாசிரியருடையது. அதில் பணியாளர் உட்காரும் வழக்கமில்லை. தேதியைத் தட்டுவதுகூட நின்றபடிதான்.

ஜனவரியில் ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு பென் டிரைவ், ஒரு சுற்றறிக்கை. எல்லாப் பள்ளிகளும் பிரவுசருக்கு இந்தப் பாதுகாப்பு அப்டேட்டைப் போட்டுவிட்டுப் புகைப்படத்தோடு அறிக்கை அனுப்ப வேண்டும். அப்டேட்டைப் போடுவது இரண்டு நிமிட வேலை. புகைப்படம் அப்படியா? தலைமையாசிரியர் கடைத்தெருவில் சொல்லி மூன்று மீட்டர் நீளத்துக்கு வினைல் பேனர் அடித்தார். ‘பாதுகாப்பான பிரவுசர் செயல்திட்டம் 2568’. பேட்டரிக்குத்தான் மூன்று விலைப்பட்டியல். பேனருக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பதினான்காம் தேதி பிற்பகல் நாங்கள் காக்கிச் சீருடையில் பேனருக்குக் கீழே வரிசையாக நின்றோம். தலைமையாசிரியர் என்டர் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார். நான்கு படம் எடுத்தோம், முதல் மூன்றில் யாராவது கண்ணை மூடிக்கொண்டிருந்ததால். அப்டேட் இனிதே நிறைவேறியது. கணினியை அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். பிரவுசர் திறக்கிறதா என்று பார்ப்பது நிகழ்ச்சிநிரலில் இல்லை.

மறுநாள் பதினைந்தாம் தேதி. அன்று மாலை நாலரை மணியோடு பணியிட மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் பக்கம் மூடுகிறது.

இந்த இடத்தில் கன்லயா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணக்கு டீச்சர். சொந்த ஊர் தொலைவில் உள்ள உத்தரதித். இந்த மலைக்கு வந்து ஆறு வருடம். மகன் பூனுக்கு ஐந்து வயது. அப்பாவோடு ஊரில் இருக்கிறான். அம்மா என்றால் கைப்பேசிக்குள் இருக்கும் ஒருத்தி என்பது அவன் எண்ணம். போன விடுமுறையில் இவர் நேரில் போய் நின்றபோது, தூங்கும் நேரமானதும், “சரி, இப்ப கட் பண்ணிடுங்கம்மா” என்றிருக்கிறான். அதைச் சொல்லும்போது டீச்சர் சிரிக்கத்தான் செய்தார். நாங்கள்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தோம்.

இந்த வருடம் அவர் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பள்ளியில் கணக்குக்கு ஓர் இடம் காலியாகியிருந்தது. அப்படி ஓர் இடம் இனி எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை ஏன் வைத்திருந்தார் என்று கேட்காதீர்கள். மூன்று வாரத்துக்கு முன்பே கொடுத்தார். ஓரத்தில் விட்ட இடம் போதவில்லை என்று தலைமையாசிரியர் முதல்முறை திருப்பினார். எழுத்தின் அளவு ஒரு புள்ளி சிறியது என்று இரண்டாம் முறை திருப்பினார். மூன்றாம் முறை, வருடத்தை 68 என்று சுருக்கி எழுதியதற்காக. அரசாங்கத் தாளில் வருடத்தைச் சுருக்கினால் பின்னால் குழப்பம் வரும் என்று அவர் விளக்கியதை நான் காதால் கேட்டேன்.

நாலாவது தாள் தேறியது. இனி அதை ஏற்றித் தலைமையாசிரியர் ஒப்புதல் பொத்தானைத் தட்டினால் போதும். அந்த ஒப்புதல், பள்ளியின் பெயரில் பதிவான அந்த ஒரு கணினியிலிருந்து மட்டும்தான் செல்லும். கைப்பேசியிலிருந்து போகாது.

காலை எட்டரைக்குப் பிரவுசரைத் திறந்தோம். எப்போதும்போல வெள்ளைத் திரை, தடுப்பு வாசகம். டீச்சர் பழக்கத்தில் சுட்டியை அடிக்குக் கொண்டுபோனார். அங்கே ‘பரவாயில்லை’ இல்லை. புது அப்டேட் அந்த வழியை அடைத்துவிட்டிருந்தது.

தலைமையாசிரியர் முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தார். குழு அமைத்தார். பிரவுசர் சீரமைப்புக் குழு: தலைவர் அவர், உறுப்பினர்கள் நாங்கள், செயலாளர் தவின். செயலாளரின் கடமை நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது. என் கடமை என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆணையைத் தட்டி அச்செடுத்துக் கையெழுத்தானபோது மணி பத்து.

பிறகு திரையைக் கைப்பேசியில் படமெடுத்துக் கீழே இருக்கும் மேற்பார்வையாளருக்கு அனுப்பினார். படத்தில் முதல் வரி மட்டும் தெரிந்தது. மீதி இடத்தில் தலைமையாசிரியரின் கட்டைவிரல். மேற்பார்வையாளர் அனுபவசாலி, முதல் வரியே அவருக்குப் போதும். கணினியை அணைத்துப் போடச் சொன்னார். இது பழைய கணினி, எழுந்திருக்கப் பதினொரு நிமிடம் எடுக்கும். எழுந்தது, திறக்கவில்லை. பார்த்த பக்கங்களின் சரித்திரத்தை அழிக்கச் சொன்னார். அழித்தோம். சேமித்த கடவுச்சொற்களும் கூடவே போயின. வைரஸ் தடுப்பை நீக்கச் சொன்னார், நீக்கினோம். பிரவுசரையே நீக்கி மறுபடி போடச் சொன்னார். பென் டிரைவில் இருந்தது அப்டேட்டோடு கூடிய அதே பிரவுசர். அதையே கழற்றி அதையே மாட்டினோம். கடைசியில் அவர், “கருவியிலதான் கோளாறு, புதுசு கேட்டு எழுதுங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

இதற்கிடையில் சமையற்கார அக்கா, எங்கள் பக்கம் காவல் தெய்வத்துக்குப் படைப்பதுபோல, சிவப்பு சோடா ஒரு பாட்டிலைத் திறந்து, உறிஞ்சுகுழல் போட்டு, கணினிப் பெட்டிமேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று நடந்த முயற்சிகளில் கெடுதல் எதுவும் செய்யாதது அது ஒன்றுதான்.

தவின் அண்ணன் மூலையில் நின்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு முறை வாயைத் திறந்தார். முதல்முறை, “சார், ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கலாமே” என்றார். குறிப்பில் செயலாளரின் சொந்தக் கருத்து வரக்கூடாது என்றார் தலைமையாசிரியர். இரண்டாம் முறை வாயைத் திறந்தபோது, வாசலில் தேக்கிலை நிறைய விழுந்திருக்கிறது என்று அனுப்பிவைத்தார்.

மூன்று மணிக்குக் கன்லயா டீச்சர் ஆறாம் வகுப்பை முடித்துவிட்டு வந்து கதவருகே நின்றார். தலைமையாசிரியர் அவரைப் பார்த்துக் கனிவாக, அடுத்த வருடமும் இதே பக்கம் திறக்கும் என்றார். பிறகு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, பழக்கப்படி சமையலறைப் பக்கம் ஒட்டரிசிச் சோறும் மிளகாய்த் துவையலும் தேடிப் போனார். நாற்காலி காலியானது.

தவின் அண்ணன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், சட்டை நுனியில் துடைத்தார், போட்டுக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் முதல்முறை. முதலில் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். அதே இணைப்பில் டீச்சரின் கைப்பேசியில் படம் ஓடுகிறதா என்று கேட்டார், ஓடியது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பம்பில்தான் கோளாறு என்று நோட்டில் எழுதினார். பிறகு வேறெதையும் தொடவில்லை. காலையிலிருந்து ஏழு பேர் பார்த்த அந்தத் திரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தார். படித்தவர் நெடுநேரம் விரலை எடுக்கவில்லை.

“டீச்சர், இங்க வாங்க. இந்த வரிய கொஞ்சம் படிங்க. என் கண்ணாடி கோளாறான்னு பாக்கணும்.”

டீச்சர் குனிந்து படித்தார். உங்கள் கணினியின் கடிகாரம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, அதனால் எந்தப் பக்கத்தின் சான்றையும் நம்ப முடியவில்லை. கணினி காட்டும் தேதி: 15 ஜனவரி 2611.

“ரெண்டாயிரத்து அறுநூத்திப் பதினொண்ணா?”

“நான் தினமும் அறுபத்தெட்டுன்னுதான் போடுறேன்” என்றார் தவின் அண்ணன்.

கணக்கு டீச்சருக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. கணினியின் கறுப்புத் திரைக்கு நம் வருடம் தெரியாது. நாம் 68 என்றால் அது வெளிநாட்டுக் கணக்கில் 2068 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. பிரவுசர் அதோடு 543 கூட்டி நம் கணக்கில் 2611 என்று காட்டியிருக்கிறது. நாற்பத்து மூன்று வருடம் முன்னால் போய் நின்றுகொண்டு, இங்கே யாருடைய சான்றும் செல்லாது, எல்லாம் எப்போதோ காலாவதி என்று ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் பரவாயில்லை என்று தட்டினோம்.

மணி மூன்று ஐம்பது. தலைமையாசிரியர் திரும்பி வந்தார். தன் நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்ததும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். தவின் அண்ணன் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னார். கணினியை அணைத்து, மின்சாரத்தை நிறுத்திப் போட்டு, கறுப்புத் திரையில் 25 என்று தட்டினால் சரியாகிவிடும்.

“இருபத்தஞ்சா?” என்றார் தலைமையாசிரியர். “2525-ல நான் அஞ்சாங்கிளாஸ் படிச்சேன். அண்ணே, இது அரசாங்க மெஷின். அதுல இல்லாத வருஷத்தப் போட்டுட்டு, நாளைக்கு ஆடிட் வந்தா யாரு பதில் சொல்றது?”

“சார்” என்றார் கன்லயா டீச்சர். ஆறு வருடத்தில் அவர் அந்த அறையில் நாற்காலி இழுத்து உட்கார்ந்து பேசியதில்லை. இப்போது உட்கார்ந்துவிட்டார். “இப்ப அது காட்டுற வருஷத்துல உங்களுக்குத் தொண்ணூத்தேழு வயசு. ரிட்டையராகி முப்பத்தேழு வருஷம் ஆச்சு. இன்னும் இந்த ரூம்ல உக்காந்து கையெழுத்துப் போட்டுட்டு இருக்கீங்கன்னு ஆடிட் கேட்டா என்ன சொல்வீங்க?”

தலைமையாசிரியர் அதை யோசித்துப் பார்த்தார். உண்மையிலேயே யோசித்தார். ஒரு குறிப்பாணை போட்டுக் கீழே அனுப்பி அனுமதி வாங்கிவிட்டால் பாதுகாப்பு என்று தொடங்கினார். மணி நாலைத் தாண்டியிருந்தது.

“எதுக்கு சார் அனுமதி?” என்றார் தவின் அண்ணன். “வருஷத்தத் தப்பாப் போட்டது பணியாளர் தவின்னு குறிப்புல எழுதிக்கிறேன். செயலாளரே நான்தானே. நீங்க கண்டுபிடிச்சுத் திருத்தச் சொன்னீங்க, திருத்திட்டேன். அவ்வளவுதான்.”

சொன்னதோடு நிற்காமல் எழுதியும் விட்டார். அழகான, வட்டமான எழுத்து. இருபது வருடம் பம்பு பிரித்தவர், ஒருமுறைகூடத் திருகாணியை மிச்சம் வைக்காதவர், அரசாங்கத் தாளில் தன் கவனக்குறைவை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். அதை இரண்டு முறை படித்த தலைமையாசிரியரின் முகம் தெளிந்தது. தப்புக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்ட பிறகு அவரைப்போல வேகமாக முடிவெடுக்க யாராலும் முடியாது.

நாலு மணி ஏழு நிமிடத்துக்குக் கணினியை அணைத்துப் போட்டோம். தவின் அண்ணன் நாள், மாதம் தட்டிவிட்டு ஒரு கணம் நின்று, 25 என்று தட்டினார். பதினொரு நிமிடம் எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். சமையற்கார அக்காவின் சோடாவில் ஓர் ஈ மிதந்தது. நாலு பதினெட்டுக்குப் பிரவுசர் திறந்தது. தடுப்பும் இல்லை, குரைப்பும் இல்லை.

தலைமையாசிரியரின் கடவுச்சொல் காலையில் சரித்திரத்தோடு அழிந்திருந்தது. அவருக்கு அது நினைவில்லை. எப்போதுமே இருந்ததில்லை. தவின் அண்ணன் நோட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டி, ஏழாவது தாளில் இருந்ததை வாசித்தார். நாலு இருபத்து நாலுக்கு விண்ணப்பம் ஏறியது. மிச்சம் ஒப்புதல் பொத்தான்.

“ஒரு நிமிஷம், அந்த பேனர எடுத்துக்கிட்டு வாங்க” என்றார் தலைமையாசிரியர் என்னைப் பார்த்து. குழுவின் அறிக்கைக்குப் படம் வேண்டுமே. அவர் ஜாக்கெட்டின் பொத்தானைப் போட்டார், தலையைக் கோதினார், கேமரா எந்தப் பக்கம் வரும் என்று திரும்பினார். அந்தத் திரும்பலில் கன்லயா டீச்சர் கையை நீட்டிப் பொத்தானைத் தட்டினார். ‘ஒப்புதல் பெறப்பட்டது, 16.26’ என்று வந்தது. அவர் அந்த வரியை, அண்ணன் செய்ததுபோலவே, விரல் வைத்துக் கடைசிவரை படித்தார்.

படத்தையும் எடுத்தோம். தலைமையாசிரியர், இனித் தட்டினாலும் எதுவும் ஆகாத ஒரு பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார். அந்தப் படத்துக்குத்தான் அவருக்கு மார்ச் மாதம் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. தவின் அண்ணனுக்கு வந்தது, தேதியைக் கவனமாகப் போடும்படி ஓர் அறிவுரைக் கடிதம். அதையும் நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறார், கணினிப் பக்கத்தில்.

ஏப்ரலில் மாற்றல் ஆணை வந்தது. கன்லயா டீச்சர் கிளம்பும் நாளில் தவின் அண்ணன் கையில் ஒரு சிறு உறையைக் கொடுத்தார். உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி.

“இதையாவது போடுங்க அண்ணே. இன்னும் எத்தன நாளைக்குக் குனிஞ்சு குனிஞ்சு தட்டுவீங்க?”

“போடுறேன் டீச்சர். தம்பிகிட்ட சொல்லுங்க, இனிமே கட் பண்ண வேண்டாம்னு.”

பேட்டரி இன்னும் மேசை இழுப்பறையில் உறையோடு இருக்கிறது. நன்கொடையை ஏற்க வேண்டிய குழு கூடவில்லை. தினமும் காலை கொடி ஏற்றுவதற்கு முன் தவின் அண்ணன் கணினியின் முன் குனிந்து நாள், மாதம் தட்டிவிட்டு 25 என்று தட்டுகிறார். பிரவுசரைத் திறந்து கடைசி வரிவரை படித்துப் பார்த்துவிட்டுத்தான் துடைப்பத்தை எடுக்கிறார். உட்கார்ந்தபடி இல்லை, நின்றபடிதான்.